இரண்டு கிலோ நூறு கிராம் பூனை

எங்கள் ஊரில் கால்நடை மருத்துவர்கள் எடைக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். என் பூனை கொய்யா ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை. அதனால் கட்டணம் தினமும் குறைந்துகொண்டே வந்தது.

என்னிடம் இரண்டு கிலோவுக்குத்தான் பணம் இருந்தது.

முதல் மருத்துவர் கூடையோடு சேர்த்து எடை போட்டார். இரண்டாமவர் தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஹபீபா அக்காதான் மூன்றாவது ஒருவரைச் சொன்னார்.

"கை சுத்தமான மனுசன். நானும் வாறேன் தம்பி, ஒனக்குப் பேசத் தெரியாது."

அவருடைய கிளினிக் இரண்டு மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. ஏறினோம். நான்காவது மாடிக்குமேல் படிகள் கொஞ்ச நேரம் கீழே இறங்கின. பிறகு சரியாகிவிட்டன.

கம்பவுண்டர் கொய்யாவைத் தட்டில் வைத்தார்.

"ரெண்டு கிலோ நூறு."

"ரெண்டு கிலோவுக்குத்தான் வச்சிருக்கேன்."

"நாளைக்கு வாங்க சார். கொறஞ்சிரும்."

"நாளைக்கு உசுரோட இருக்குமா?"

"அத டாக்டர்தான் சொல்லணும்."

"டாக்டரப் பாக்கலாமா?"

"பணம் கட்டுனப்புறம்."

கொய்யா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் மூச்சுவிட்டது தராசுக்குத் தெரியவில்லை.

ஹபீபா அக்கா முன்னால் வந்தார். "ஏம்ப்பா, கத்திரிக்கா விக்கிறவனே கொசுறு போடுறான். அஞ்சு மாடி ஏறி வந்திருக்கோம். நூறு கிராம் விட்டா கொறஞ்சா போவீங்க?"

"இத மொதல்லயே கேக்க வேண்டியதுதானக்கா?" என்ற கம்பவுண்டர் ஒரு தாளை நீட்டினார். "எந்த நூறு கிராம்னு எழுதுங்க சார். கொசுறுக்கு வைத்தியம் கெடையாது."

கொய்யாவைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். காதுகள் வேண்டும். கால்கள் நான்கும் வேண்டும். வால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

மருத்துவர் நல்லவர். கொய்யாவின் தொண்டையிலிருந்து ஒரு மீன்முள்ளை எடுத்துக் காட்டினார். ஊசி போடும்போது வாலை ஒரு செய்தித்தாளால் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

"சரியாயிருமா டாக்டர்?"

"பூனை சரியாயிரும்."

வீட்டுக்கு வந்ததும் கொய்யா ஒரு கிண்ணம் சாளை மீனைத் தின்றாள். ஜன்னலில் தாவி ஏறி வெயிலில் தூங்கிவிட்டாள்.

வால் மட்டும் தனியாகக் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நுனி லேசாக அசைந்தது.

தரையில் படுத்து, மீதி மீனை முள் நீக்கி, விரலால் பிசைந்து அதன் பக்கம் தள்ளினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.