கத்தாத கேமரா

என் கணவர் ஓட்டிய லாரியில் கம்பெனி ஒரு கேமரா வைத்தது. ஓட்டும்போது கண் மூடினால் அது கத்தும்; கத்தினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆனால் ஒரு லோடு இறக்கிய கையோடு அடுத்த லோடை ஏற்றிவிடுவார்கள். மனுஷன் எப்போது தூங்குவது? கொஞ்ச நாளில் அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டார். வீட்டிலும் அப்படித்தான்.

"நான்தாங்க, உங்க மேனேஜர் இல்ல. கண்ண மூடுங்க" என்று சொல்லி, நானே இமைகளை மூடிவிடுவேன்.

கேமரா ஒருமுறைகூடக் கத்தவில்லை என்று மேனேஜர் பாராட்டி அவருக்கு ஒரு தலையணை பரிசு கொடுத்தார். படுக்கத்தான் நேரம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரமே லாரி பாலத்துச் சுவரில் மோதியது. பிணவறைக்கு வந்த மேனேஜர் கேமராவில் பதிவானதைச் செல்போனில் காட்டினார்.

"நல்லா பாருங்கம்மா, மோதுற வரைக்கும் முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்காரு. தூங்க விடலன்னு எங்க மேல பழி போடாதீங்க."

துணியை விலக்கினேன். அப்போதும் கண் திறந்தேதான் இருந்தது. எப்போதும்போல இமைகளை மூடக் கையை நீட்டினேன்.

"அவசரப்பட்டு மூடிராதீங்கம்மா" என்றார் மேனேஜர். "இதையும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."