இருபத்தேழுக்குப் பத்தொன்பது

கயல்விழி வலங்கைமான் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ். மனச்சோர்வுக்கு நர்ஸுகளே கொடுக்கக்கூடிய பேச்சு சிகிச்சை ஒன்றை அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பல ஊர்களில் சோதித்துப் பலன் கண்ட முறை. அவளுடைய முதல் ஒத்திகைப் பதிவைக் கேட்ட பயிற்சியாளர் சுமையா சிரித்துவிட்டார்.

"பத்து நிமிஷத்துல பதினாலு அறிவுரை சொல்லியிருக்கீங்க கயல். அவங்கள எங்க பேச விட்டீங்க?"

அன்றிலிருந்து கயல்விழி நாக்கை அடக்கிக்கொள்ளப் பழகினாள்.

முதலில் கிடைத்தவள் அம்சம். நாற்பத்தாறு வயது. ஆறு மாதமாக வாசலைத் தாண்டவில்லை, நடவுக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை. கயல்விழியே வீடு தேடிப் போனாள். சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகளில் அம்சத்துக்கு இருபத்தேழுக்குப் பத்தொன்பது வந்தது; எண் கூடினால் சோர்வும் கூடுதல். டாக்டரும் பார்த்துவிட்டு, பேச்சு சிகிச்சையைத் தொடங்கச் சொன்னார்.

"முன்னாடி எதுக்கெல்லாம் ஆசைப்பட்டீங்கக்கா?"

தொண்டை வரை வந்த யோசனைகளை விழுங்கிக்கொண்டு கயல்விழி காத்திருந்தாள்.

"சிரிக்கக் கூடாது சிஸ்டர். ஸ்கூட்டி ஓட்டணும்னு ஆசை."

கையேட்டில் இருந்தபடி அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார்கள். முதல் வாரம் வாய்க்கால் மதகு வரை நடை. அடுத்த வாரம் அம்சத்தின் அண்ணன் மகள் பூர்ணிமாவின் ஸ்கூட்டியைத் துடைப்பது. அப்புறம் சும்மா ஏறி உட்காருவது. ஐந்தாம் வாரம் ஓட்டிப் பார்த்த அம்சம் வண்டியோடு போய்க் களத்து வைக்கோல் போருக்குள் செருகிக்கொண்டாள். தலையெல்லாம் வைக்கோலோடு எழுந்து அவள் சிரித்த சிரிப்பில், நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள்.

எட்டாம் வாரம் மதிப்பெண் ஐந்து. கயல்விழி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இருபது பேரைப் பார்த்தாள். பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது. சிலருக்குக் குறையவில்லை, அவர்களை டாக்டரிடம் அனுப்பினாள். ஒருநாள் அம்சத்தின் பின்னால் உட்கார்ந்து வயல் ரோட்டில் போகும்போது சுமையாவிடமிருந்து போன்.

"கயல், இந்த சிகிச்சைய மாவட்டத்துல எல்லா நிலையத்துக்கும் கொண்டுபோறாங்க! நாப்பது நர்ஸுங்களுக்கு நீங்கதான் சொல்லித்தரணும்."

கயல்விழி போட்ட கூச்சலில் அம்சம் பிரேக்கை அழுத்த, வண்டி சேற்றோரம் சறுக்கி நின்றது.

"என்னாச்சு சிஸ்டர்? கெட்ட சேதியா?"

"நாப்பது பேருக்கு நான் பாடம் எடுக்கணுமாம்க்கா! நானு!"

"அப்ப எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லு. எப்புடி விழுந்தேன், எப்புடி எந்திரிச்சேன்னு நானே வந்து சொல்றேன்."

இருவரும் சேற்றில் நின்றபடி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்துபோயிற்று.