காற்று புகாத சட்டை

"அப்பா, நான் என்ன லாரியா? இப்படிச் சுத்திச் சுத்தி அளக்கறீங்களே!"

கடையின் நடுவே இரு கைகளையும் நீட்டி நின்ற மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தார்ப்பாய்க்காரர் சுண்ணக்கட்டியைப் பல்லிடுக்கில் கடித்தபடி அளவு நாடாவை அவள் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தார்.

"லாரியா இருந்தா சொன்ன பேச்சைக் கேட்டு ஆடாம நிக்கும். நீ நில்லுடி முதல்ல."

சிட்டு என்பது அவளுக்கு வீட்டார் இட்ட செல்லப்பெயர். அவள் ஏழாம் வகுப்பு மாணவி. இளையோர் மல்யுத்தக் கழகத்தில் சேர்ந்த பிறகு தம் வீட்டுச் சிட்டு பருந்தாகிவிட்டது என்று கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

சரக்கு வண்டிகளுக்கும் கடை முகப்புகளுக்கும் மழை மறைப்புத் தைப்பது அவர் தொழில். இரட்டைத் தையல் ஓட்டி, அதன்மேல் மெழுகு தேய்த்து அவர் முடித்துக் கொடுத்த தார்ப்பாய் ஒழுகியதாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை. "என் தையலுக்குள்ள நுழையணும்னா மழை என்கிட்ட வந்து அனுமதி வாங்கணும்" என்பார். அந்தத் தேர்ந்த கைதான் அன்று நீல நிற நெகிழித் துணியில் தன் மகளுக்கு ஒரு சட்டை வெட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் எலாஸ்டிக், மணிக்கட்டில் எலாஸ்டிக், இடுப்பில் எலாஸ்டிக், முன்னால் ஜிப். காற்று உள்ளே வரக் கூடாது. சூடு வெளியே போகக் கூடாது. கழகத்து மாஸ்டர் அப்படித்தான் கேட்டிருந்தார்.

மாஸ்டர் கெட்டவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தீமை எப்போதும் தீயவர் வேடத்தில்தான் வரும் என்று நம்பித்தானே நாம் கதவைத் திறந்து போட்டு உறங்குகிறோம்! பாழடைந்து கிடந்த ஒரு கிடங்கைக் கூட்டிப் பெருக்கி, மெத்தை விரிப்புப் போட்டு, வெட்டியாய்த் திரிந்த பிள்ளைகளை மல்லர்களாக்கியவர் அவர். ஷூ கயிறு கட்டத் தெரியாத பொடிசுகளின் முன் மண்டியிட்டு, தாமே கட்டிவிடுகிறவர். ஆனால் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. மல்யுத்தத்தில் எடை வாரியாகத்தான் மோதவிடுவார்கள். போட்டியன்று காலை எடை பார்ப்பார்கள். அந்த ஒரு வேளைக்கு மட்டும் பிள்ளையின் எடையைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிட்டால், எதிரில் நிற்கிறவள் எலும்பும் தோலுமாக இருப்பாள். கோப்பை தானாக வந்து கையில் விழும். இறக்குவது எப்படி? உணவைக் குறை. தண்ணீரை நிறுத்து. மிச்சத்தை வேர்வையாக வடி.

"எல்லா இடத்துலயும் இதுதான் முறை. என்னையும் இப்படித்தான் தேத்துனாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் மாஸ்டர்.

அந்தக் கழகத்தில் ஒரு விசித்திரமான வழக்கமும் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக் கூடாது. நா வறண்டால் கொப்பளித்துக்கொள்ளலாம். கொப்பளித்ததை, பெற்றவர் பிடித்திருக்கும் டம்ளரிலேயே திரும்பத் துப்ப வேண்டும். உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்ததா என்று பெற்றவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். கிடங்குச் சுவரோரப் பெஞ்சில் அப்பாக்களும் அம்மாக்களும் கையில் டம்ளரோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

"எம்பொண்ணு ஒரு சொட்டு உள்ள விடமாட்டா" என்பார் தார்ப்பாய்க்காரர்.

"எம்பையன் கேக்கறதே இல்லீங்க. ஒட்டகம்!" என்பார் பக்கத்தில் இருக்கும் மளிகைக்காரர்.

பெஞ்சு முழுதும் சிரிக்கும். ஊருக்கு ஒரு கொடுமை என்றால் கொதித்தெழுகிற மனிதர்கள்தாம் அவர்கள். பெற்ற பிள்ளையின் தாகத்தைத் தராசில் வைத்துப் பெருமை பேசுகிறோமே என்று அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சட்டை பலித்தது. அந்தப் பருவத்தின் முதல் போட்டியில் சிட்டு கீழ்ப் பிரிவில் இறங்கி வென்றாள். தையல் இயந்திரத்துக்கு மேலே, நூல்கண்டு அடுக்கும் பலகையில் கோப்பை ஏறியது. தார்ப்பாய்க்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே மளிகைக்காரர் கடை வாசலில் நின்றார்.

"எம்பையனுக்கும் அதே மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுங்களேன். இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருந்தாலும் பரவாயில்ல."

அவரைத் தொடர்ந்து இன்னும் பலர். கழகத்தின் உடை மாற்றும் அறையில், ஆணிகளில் வரிசையாக நீலச் சட்டைகள் தொங்கின. ஒன்றில்கூட ஒரு தையல் பிசகவில்லை.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. சிட்டுவின் அம்மா சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர். பகல் முழுதும் நீராவியில் நின்று வெந்து திரும்புகிறவர். ஒருநாள் கணவர் கை கழுவி நிமிர்வதற்குள் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணுக்கு ஒண்ணுக்கு டிக்காஷன் கலர்ல போகுதாம். தெரியுமா உங்களுக்கு?"

"மாஸ்டர்கிட்ட கேட்டேன். பழகிடும்னாரு."

"மாஸ்டர் டாக்டரா? பச்சைப் புள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தா உங்க கழகம் இடிஞ்சா விழுந்துடும்?"

"நீ ஒண்ணு! ஜெயிக்கிற நேரத்துல அழுது வடியாத. அவளே கேக்கல, உனக்கென்ன?"

உண்மைதான், அவள் கேட்கவில்லை. கேட்டால் அப்பாவின் முகம் வாடும், மாஸ்டர் திட்டுவார், பெஞ்சில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாயை அடைத்துவிட்டு, அந்த வாய் ஒன்றும் சொல்லவில்லையே என்று நிம்மதி அடைந்தார்கள்!

பருவத்தின் பெரிய போட்டி வந்தது. அரங்கத்தின் பின்புறம் ஒரு சிறிய அறை. சன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன, சூடு தங்குவதற்காக. அதற்குள் நீலச் சட்டைப் பிள்ளைகள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நெகிழித் துணி உரசும் சரசரப்பு. ஈர ரப்பர் வாடை. சிட்டு ஏற்கெனவே ஒருமுறை தராசில் ஏறி இறங்கியிருந்தாள். முள் கோட்டுக்கு மேல் ஒரு மயிரிழை நின்றது.

கதவோரம் கையில் டம்ளரோடு நின்ற அப்பாவிடம் அவள் தள்ளாடி வந்தாள். உதடுகள் வெளுத்து வெடித்திருந்தன. அதைவிட ஒன்று அவர் கண்ணில் பட்டது; பட்டும் மனத்தில் ஏறவில்லை. அவள் நெற்றியில் வேர்வையே இல்லை.

"அப்பா... ஒரே ஒரு வாய்."

"கொப்பளிச்சுத் துப்பிடு கண்ணு."

"துப்ப மாட்டேம்பா. குடிக்கணும்."

"இன்னும் கொஞ்சந்தான்டா. தராசு இறங்கட்டும், குடமே தரேன். எஞ்சிட்டு இல்ல? ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து."

அவள் அவரைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்தப் பழைய நம்பிக்கைதான் அதில் இருந்தது. திரும்பினாள். அந்தச் சுற்றை அவள் முடிக்கவில்லை.

விழுந்தவளின் உடம்பு அடுப்பில் வைத்த பாத்திரமாய்க் கொதித்தது. "சட்டையைக் கழட்டுங்க! கழட்டுங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஜிப் சிக்கிக்கொண்டது. தார்ப்பாய்க்காரர் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. தோள் தையலைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார், கிழியவில்லை. எந்தப் புயலுக்கும் பிரியாத இரட்டைத் தையல், பெற்றவன் கைக்கும் பிரியவில்லை. அவர் குனிந்து தன் தையலைத் தானே பல்லால் கடித்தார். ஈறு கிழிந்து இரத்தம் வழிந்தது, நூல் அறவில்லை. சிற்றுண்டிக் கடையிலிருந்து மாஸ்டர் கத்தியோடு ஓடிவரும்வரை அந்தச் சட்டை அவளை விடவில்லை.

உயிர் பிழைத்தாள். சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. "திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்று சொன்ன மருத்துவர், சில மாதங்களுக்குப் பிறகு முதல் பாதியைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். இனி வாரத்துக்கு மூன்று முறை ஓர் இயந்திரம் அவள் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். உடம்பிலிருந்து தண்ணீர் தானாக வெளியேறாது என்பதால், உள்ளே போவதை அளந்தே தர வேண்டும். மருத்துவர் ஒரு சின்ன டம்ளரைக் காட்டினார்.

"காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மருந்துக்கும் இதிலதான். தாகம் தாங்கலைன்னா கொப்பளிச்சுத் துப்பிடட்டும்."

தார்ப்பாய்க்காரர் அந்த டம்ளரைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெற்றிக்காக ஒருநாள் மறுத்த தண்ணீர், வாழ்வதற்காக நாள்தோறும் மறுக்க வேண்டியதாயிற்று. அன்று கேட்டபோது தந்திருக்கலாம். இன்று தரத் துடிக்கிறார், தர வழியில்லை! இதைவிடக் கொடிய தண்டனையை எந்த நீதிமன்றத்தில் எழுதுவார்கள்?

கழகம் சில நாள் மூடிக் கிடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள்; "விதி" என்றார்கள்; "அவ உடம்பு அப்படி" என்றார்கள்; போனார்கள். அடுத்த பருவம் தொடங்கிற்று. ஒரு மாலை, கடை வாசலில் மீண்டும் மளிகைக்காரர். ஒரு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எம்பையன் வளந்துட்டான், பழைய சட்டை பத்தல. இந்தத் தடவை கொஞ்சம் லூசாவே தைச்சுடலாம். இவன் பலசாலி, இவனுக்கு ஒண்ணும் ஆகாது."

கடைக்குள்ளே, கோப்பை இருந்த பலகையின் கீழ் சிட்டு உட்கார்ந்திருந்தாள். வீங்கிய முகம், கையில் ஈரத் துணி. அதால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தவள், மளிகைக்காரரைப் பார்த்ததும் வழக்கம்போல் சிரித்தாள்.

"வாங்க மாமா. ஒட்டகம் எப்படி இருக்கான்?"

மளிகைக்காரர் வாசற்படியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

தார்ப்பாய்க்காரர் பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். நேரே கழகத்துக்கு நடந்தார். மளிகைக்காரர் பின்னாலேயே ஓடினார்.

மறுநாள் போட்டி; பெஞ்சு நிறைந்திருந்தது. டம்ளர்கள் கைகளில் இருந்தன. மகளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உடை மாற்றும் அறையிலிருந்து நீலச் சட்டைகளை வாரிக்கொண்டுவந்து விரிப்பின்மேல் போட்டார். ஒவ்வொன்றாய் எடுத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டினார். மாஸ்டர் தடுக்கவில்லை, தலை குனிந்து நின்றார்.

"எனக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்று மட்டும் முணுமுணுத்தார்.

"அது உங்ககூடவும் என்கூடவும் முடியட்டும் மாஸ்டர். இந்தப் புள்ளைங்க வரைக்கும் வர வேணாம்."

கடைசிச் சட்டையையும் வெட்டிவிட்டு அவர் பெஞ்சை நோக்கித் திரும்பினார். குரல் கிடங்கின் கடைக்கோடிவரை கேட்டது.

"இது அத்தனையும் நான் தைச்சது. மாஸ்டர் கேட்டாரு, தைச்சேன். நீங்க கேட்டீங்க, தைச்சேன். போட்டுக்கிட்டு ஓடுன புள்ளைங்கள நம்மள்ல யாராச்சும் கேட்டோமா? எம்பொண்ணு என்கிட்ட தண்ணிதான் கேட்டா. கோப்பை கேக்கல. கோப்பை கேட்டது நான்!"

ஒருவர் கையிலிருந்த டம்ளர் தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"விதின்னு சொன்னீங்களே, விதி கதவோரம் நிக்கலீங்க. நான் நின்னேன். கையில தண்ணியோட நின்னேன். மாஸ்டர் சொல்றாரு, ஊரே செய்யுது, புள்ளை எதுவும் சொல்லலன்னு நாம கண்ணை மூடிக்கிறோம் பாருங்க, அங்கதான் புள்ளை விழுது. இனிமே இங்க தாகம்னா தண்ணி. வலிக்குதுன்னா ஓய்வு. பயமா இருக்குன்னா பக்கத்துல ஓர் ஆள். மாஸ்டரே சொன்னாலும், பெத்த அப்பனே சொன்னாலும் 'முடியாது'ன்னு சொல்ற உரிமை புள்ளைக்கு இருக்கு. அதைக் காப்பாத்த முடியாத கழகம் எத்தனை கோப்பை வாங்கினாலும் அது புள்ளைங்கள பலி குடுக்கற இடந்தான்."

மாஸ்டர் கிடங்கின் மூலையிலிருந்து குடத்தைத் தூக்கிவந்து விரிப்பின் நடுவே வைத்தார். முதலில் எழுந்தவர் மளிகைக்காரர். தரையில் இருந்த டம்ளரை எடுத்து நிரப்பினார். மகனிடம் நீட்டினார். "குடிடா. எவ்வளவு வேணுமோ குடி."

அந்தப் பிள்ளை மடமடவென்று குடித்தான். மோவாயில் வழிந்தது, சட்டை நனைந்தது. மீண்டும் நிரப்பிக்கொண்டவன் சிட்டுவைப் பார்த்தான். ஓடிச்சென்று டம்ளரை நீட்டினான்.

"நீயும் குடி அக்கா."

அவள் டம்ளரை வாங்கினாள். குளிர்ந்த அந்த உலோகத்தைக் கன்னத்தில் வைத்துச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னைக்கு எம்பங்கு முடிஞ்சுபோச்சுடா. எனக்கும் சேர்த்து நீ குடி."