ஆளுக்கொரு டப்பா

விடிவதற்கு முன்பே பாய்லர் உறுமத் தொடங்கிவிடும். ஊர் உறங்கும் நேரத்தில் அந்தச் சலவைக்கூடத்துப் பெண்கள் வேர்வையில் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் அங்கே வேலை. யாரோ செத்த விரிப்பு, யாரோ பிள்ளை பெற்ற விரிப்பு, எல்லாம் ஒரே தொட்டியில் வெந்து, பிழிந்து, இடுப்பை ஒடிக்கும் ஈரக் கனத்தோடு மேசைக்கு வரும். அதை உதறி, முனை பிடித்து, சூட்டு உருளைக்குள் ஊட்டினால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். நோயாளிக்குச் சுகமான படுக்கை. ஊட்டியவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். கடைசி உருளையில் நின்ற இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி இடப்பக்கம், தம்பி பெண்டாட்டி வலப்பக்கம். ஒரே வீடு, ஒரே குழாய், இரண்டு அடுப்பு. யார் குடத்தை யார் நகர்த்தி வைத்தது என்று போன மாதம் குழாயடியில் மூண்ட சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. வாய் பேசாவிட்டால் என்ன, கை பேசித்தானே ஆகவேண்டும்! ஒருத்தி உதறினால் மற்றவள் இழுக்க வேண்டும், ஒருத்தி விட்டால் மற்றவளும் விட வேண்டும். முறைத்துக்கொண்டே அவ்வளவு ஒத்துப்போகிற ஜோடி அந்தக் கூடத்தில் வேறு கிடையாது.

"இவளுங்க ராசியாயிட்டா உருளை நின்னுடும்டீ" என்று அடுத்த உருளையில் நிற்கிற வாயாடி கேலி செய்வாள்.

அன்று இரட்டை லோடு. இரட்டை லோடு வந்தாலே சூப்பர்வைசரின் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கும். "உடம்பு வலிக்கு நல்லது, போட்டுட்டு ஓட்டுங்க" என்று ஆளுக்கொன்று கிள்ளிக் கொடுப்பார். என்ன மாத்திரை என்று கேட்டால் முறைப்புதான் பதில். போட்டால் வலி வேறு யாருக்கோ வலிப்பது போலிருக்கும், தலை லேசாகும். கிடைக்காத நாளில் கை நடுங்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழத் தோன்றும். மூத்தவளுக்கு அது பழகிவிட்டிருந்தது. இளையவள் மட்டும் கை நீட்டியதே இல்லை.

ஆனால் அன்று இளையவளுக்குக் கை தூக்கவே முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரிப்பையும் இழுத்தாள். மூத்தவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்னடி என்று கேட்கலாம் என்றால் வீம்பு விடவில்லை. தன் மாத்திரையைப் பாதியாக ஒடித்து இளையவளின் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்தாள். இளையவள் அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், எடுத்து விழுங்கினாள். மருந்துக்காக விழுங்கினாளோ, வைத்த கைக்காக விழுங்கினாளோ, லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் உருளை நின்றுவிடும். துணி பட்டாலும் நிற்கிறதே, லோடு தேங்குகிறதே என்று சூப்பர்வைசர் அதைத் தூக்கிக் கட்டிவைத்திருந்தார். உச்சிவேளை நெருங்கும்போது ஒரு விரிப்பின் கிழிந்த ஓரம் இளையவளின் விரலில் சுற்றிக்கொண்டது. விரிப்பு போன வேகத்தில் கையும் போனது.

மூத்தவள் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது, பிடியை விடவில்லை. அதைத் தூக்கிக் கையை எடுப்பதற்குள் கூடம் முழுக்க வெந்த வாடை வந்துவிட்டது. ஐயோ, அதைக் கை என்று யார் சொல்வார்கள்!

வாசலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வேன் லோடோடு நின்றது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை சூப்பர்வைசர் மறித்தார்.

"டெஸ்ட் எடுக்காம எங்க போறீங்க? போர்டுல இருக்கறது கண்ணு தெரியலையா?"

சுவரில் பலகை தொங்கியது. வேலையில் அடிபட்டவர் முதலில் போதைச் சோதனைக்குச் சிறுநீர் தரவேண்டும். போதை தெரிந்தால் வைத்தியம் இல்லை, வேலையும் இல்லை. சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கதி.

கழிப்பறையில் மூத்தவள் ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு கையால் பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்தாள். இளையவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது.

"வர மாட்டேங்குதுக்கா."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் கூப்பிட்ட முதல் அக்கா அது.

"வரும்டீ. கண்ணை மூடிக்கோ. நான் புடிச்சிருக்கேன்ல."

சூப்பர்வைசர் காகிதப் பட்டையை டப்பாவில் முக்கி எடுத்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த முதலாளி, மூக்கில் கைக்குட்டையோடு எட்டிப் பார்த்தார்.

"போதை காட்டுது சார்."

"போதை ஏத்திக்கிட்டு மெஷின்ல கையை விட்டா நான் என்ன பண்றது? ரூல்னா ரூல். வேன் கிடையாது. அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மூத்தவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வைத்த பாதி மாத்திரை! சூப்பர்வைசரைப் பார்த்தாள். மனுஷன் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் தன் வேலையும் போகும். வீட்டில் இரண்டு ஆண்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அடுப்பும் அணைந்துவிடும். திறக்காவிட்டால் அந்தக் கை போய்விடும்.

"முதலாளி, அவ போட்ட மாத்திரை என்னோடது. எனக்குக் குடுத்தது இவரு."

"நானா? எப்ப?" என்றார் சூப்பர்வைசர்.

"இன்னிக்குக் காலையிலயும்தான்!"

முதலாளி சிரித்தார். "நீயும் போதையா? அப்ப நீயும் கிளம்பு."

"கிளம்பறேன். டெஸ்ட் எடுக்காம எப்படிப் போறது? ரூல்னா ரூல்தானே? எனக்கும் ஒரு டப்பா குடுங்க."

அவள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பிறகு வாயாடி தன் உருளையின் பொத்தானை அடித்துவிட்டு வந்து அவள் பின்னால் நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு. பெரிசா பாத்துக் குடுங்க சார், ரொம்ப நேரமா அடக்கிட்டு நிக்கறேன்."

யாரோ அழுதுகொண்டே சிரித்தார்கள். அடுத்த உருளை நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. தொட்டிக்காரிகள் ஈரக்கையோடு வந்தார்கள். காலையில் யார் யார் கையில் அந்த மாத்திரை விழுந்ததோ அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள்.

"மொத்தப் பேரையும் வெளிய அனுப்பிடுவேன்!" என்றார் முதலாளி.

"அனுப்புங்க. நாளைக்கு விரிப்பை யாரு தேய்ப்பா? நீங்களா?" என்றாள் மூத்தவள்.

வேன் டிரைவர் பின்கதவைத் திறந்தார். மூத்தவள் சலவை விரிப்பு ஒன்றை உருவி அந்தக் கையை மூடினாள்.

"அது க்ளீன் லோடு!" என்று கத்தினார் முதலாளி.

"துவைக்கிறது நாங்கதானே."

"டேய், வண்டிய எடுத்தா உனக்கும் வேலை கிடையாது!"

"எனக்கும் ஒரு டப்பா எடுத்து வைங்க முதலாளி, திரும்பி வந்து குடுக்கறேன்" என்றார் டிரைவர்.

"கம்பெனி சொல்லாம அங்க சேத்துக்குவாங்களாண்ணே?" என்று மூத்தவள் கேட்டாள்.

"தெரியலம்மா. சேர்க்கிறவரைக்கும் ஒரு விரிப்பையும் இறக்க மாட்டேன்."

மூத்தவள் வண்டியில் காலை வைத்தாள். விரிப்புக் குவியல் மேல் கிடந்த இளையவள் நல்ல கையால் அவளைத் தள்ளினாள்.

"நீ இங்கயே இரு அக்கா. வரிசைல மொத ஆளு நீதான். முனைய விட்டுடாத."

வேன் தெருமுனை திரும்பி மறைந்தது. கை பிழைக்குமா, இல்லையா, யாருக்குத் தெரியும்? பாய்லர் மட்டும் வீணாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. முதலாளி மாடிக்கு ஏறி யாருக்கோ போன் போட்டுக் கத்தினார். சூப்பர்வைசர் நைசாக உருளைப் பக்கம் நகர்ந்து, தடுப்புக் கம்பியின் கட்டை அவிழ்க்கப் போனார்.

"கையை எடுங்க சார்" என்றாள் மூத்தவள். "அது கட்டினபடியே இருக்கட்டும். விசாரிக்க வர்றவங்க பாக்கணும்."

நாலு பேர் போய் அந்த உருளையைச் சுற்றி நின்றார்கள். அவள் மீண்டும் வரிசையின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"டப்பா எங்க?"