சுண்ணாம்பு இறங்கும் வரை

குருத்தெலும்பில் படிந்த சுண்ணாம்பை அமிலத்தில் கரைக்கும்போது அதன் சொந்தக்காரரின் பிடிவாதமும் சேர்ந்து கரையும். பிறகு சாயம் ஏற்றும் நொடியில் அவர் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அதுவே நிலைத்துவிடும். எங்கள் ஆய்வகச் சுவரில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்; படிக்கத்தான் ஆளில்லை.

சங்கரலிங்கம் என்பவரின் முழங்காலில் ஆபரேஷன் செய்து எடுத்த துண்டு திங்கட்கிழமை வந்தது. கூடவே அவர் மகள் மங்கையர்க்கரசியும் வந்தாள். டேவிட்டைக் கட்டிக்கொள்ள ஆறு வருடமாக அப்பாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அமிலத்தக் கொஞ்சம் கூட்டி ஊத்துங்க சார். சனிக்கிழமை பதிவு ஆபீஸ்ல தேதி வாங்கியிருக்கோம். அப்பா இல்லாம கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல.”

எனக்கு அவசரக்காரர்களைக் கண்டால் ஆகாது. கூட்டினால் துண்டு கூழாகிவிடும் என்றேன். தினமும் ஜாடியிலிருந்து கொஞ்சம் திரவம் எடுத்துச் சோதனை மருந்தைச் சொட்டுவேன். கலங்கினால் சுண்ணாம்பு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். செவ்வாயன்று பாலாகக் கலங்கியது. அப்பா போனில், “என் பொணத்து மேலதான்” என்றார். புதனன்று அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, “பாப்போம்” என்றார். வியாழன் காலை தெளிந்துவிட்டது.

உடனே குழாய்த் தண்ணீரில் கழுவி அமிலத்தை நீக்க வேண்டும். எங்கள் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அன்று வராத நாள். பிடித்துவைக்க மறந்துவிட்டேன். மறுநாள் தண்ணீர் வருவதற்குள் சங்கரலிங்கம், தரகர் சொன்ன மூன்று மாப்பிள்ளைகளுக்கும் சரி சொல்லியிருந்தார். கடைசியாக யார் பேசினாலும் அவருக்குச் சரிதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

கழுவி, மெழுகில் பதித்தேன். சனிக்கிழமை காலை மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இடுக்கியால் சிவப்புச் சாயத்துக்கு மேல் பிடித்தேன். மங்கையர்க்கரசி அப்பாவைப் போனில் அழைத்தாள். அவர் தரகரோடு பேசிக்கொண்டிருந்தார். சீவல் காயத் தொடங்கியது. அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அழைத்தாள். ஐந்தாவது முறை லைன் கிடைத்தது.

“அப்பா, டேவிட்தானே மாப்பிள்ளை?”

“டேவிட்தான் மாப்பிள்ளை” என்றார். தகட்டை முக்கினேன்.

அன்று மாலையே பதிவு முடிந்தது. சாட்சியின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டபோதும் சங்கரலிங்கம் அதையே சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் மங்கையர்க்கரசி மறுபடி வந்தாள். மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். கையில் டிபன் கேரியர். மேலடுக்கில் முழங்கால் துண்டு இருந்தது. மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடதா வலதா என்று அவரிடமே கேட்டு ஜாடியின் மேல் எழுதினேன்.