முப்பத்தொரு அணைப்பும் ஒரு விசிலும்

காதல் நாவல் என்றால் அவளுக்கு நாளொன்றுக்கு எண்பது பக்கம் உள்ளே போகவேண்டும். போன கையோடு குறையும் வெளியே வந்துவிடும். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. மாலையில் இணையத்தில் ‘சிவப்புப் பேனா’ என்ற பெயரில் வாசகர் கருத்து. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு, வீட்டிலும் கடையிலும் அவள் ‘பேனா’ ஆகிவிட்டாள்.

பேனாவிடம் ஒரு முழு நட்சத்திரம் வாங்குவது குதிரைக்கொம்பு. “கதாநாயகியின் கறுப்பு நிறத்தைக் காபி என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் சாக்லேட். அதற்கடுத்து வெல்லப்பாகு. இவள் பெண்ணா, பேக்கரியா?” என்று ஒரு நாவலுக்கு எழுதினாள். “சக்கர நாற்காலித் தோழி மூன்று முறை வருகிறாள், மூன்று முறையும் கதாநாயகிக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்குக் காதல்தான் கிடையாது, ஒரு பல்வலியாவது வரக்கூடாதா?” என்று இன்னொன்றுக்கு. “குண்டான பெண்ணை அவன் அப்படியே ஏற்றுக்கொள்கிறான், இருபதாம் அத்தியாயத்தில் அவள் இளைத்த பிறகு” என்று மூன்றாவதற்கு. எல்லா விதமான மனிதர்களும் கதைக்குள் வரட்டும், ஆனால் கொலுசும் கோபமும் கடன்பாக்கியுமாக முழு ஆளாக வரட்டும் என்பது அவள் கட்சி.

கை தவறி ஒருமுறை இதையும் எழுதிவிட்டாள்: “காது கேட்காத நாயகி கும்மிருட்டில் நாயகனின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். அந்த டார்ச் எந்தக் கடையில் கிடைக்கும்? எனக்கும் ஒன்று வேண்டும்.”

அங்கேதான் வந்தது வினை. பேனாவின் வலது காது முக்கால்வாசி வேலை செய்யும். இடது காது, உள்ளே காதுகேட்கும் கருவி இல்லாவிட்டால், வெறும் தோடு மாட்டுகிற ஆணி. கருவியை முடிக்குள் மறைத்து வைத்திருந்த ரகசியம் ஒரு பதிப்பகத்தின் ஆசிரியை அம்மாவுக்கு அந்த ஒரு வரியில் பிடிபட்டுவிட்டது. ஒரு பெரிய நாவலாசிரியர் செவித்திறன் குறைந்த பெண்ணை வைத்துக் காதல் காவியம் எழுதியிருக்கிறார், அச்சுக்குப் போகும் முன் அனுபவப்பட்ட ஒருவர் படித்துச் சொன்னால் நல்லது என்று போன் வந்தது. என் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு பேனா ஒப்புக்கொண்டாள்.

நாவலின் பெயர் ‘நிசப்தத்தின் நீலச் சிறகுகள்’. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாயகி பனித்துளி மாதிரி சிரிப்பாள். கோபமே வராது. பேட்டரி தீராது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஒரு தடவைகூட “ஆங்? என்ன?” என்று கேட்கமாட்டாள். இறுதியில் ஒரு முத்தத்தில் காது கேட்டுவிடும். இடையில் நாயகன் அவளை முப்பத்தொரு முறை கட்டி அணைக்கிறான்.

பேனா ஆறு பக்கம் குறிப்பு எழுதி அனுப்பினாள். அதில் முக்கியமானது இது: “முப்பத்தொரு அணைப்பு, ஒரு விசில்கூட இல்லை. இந்தக் கருவியின் மேல் கன்னமோ தோளோ அழுந்தினால் அது கீச்சென்று கத்தும். அணைப்பு நீடித்தால் கத்தலும் நீடிக்கும்.”

நாவலாசிரியரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: “விசில் என்பது யதார்த்தம். நான் எழுதுவது உண்மை.”

“பாத்தீங்களா அண்ணி, எவ்வளவு திமிர்!” என்று பேனா போனை நீட்டினாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டே படித்தாள். “அவரு எழுதினா திமிரு. நீ மறைச்சா மட்டும் என்னவாம்?”

“நான் என்னத்த மறைச்சேன்?”

“அந்த மைக் செட்காரர்கிட்ட சொல்லிட்டியா?”

பேனா ஒரு தலையணை உறையை எடுத்து, ஏற்கெனவே மடித்திருந்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“ஊருக்குத்தான் உபதேசம்” என்றாள் அண்ணி.

மைக் செட்காரர் நான்கு மாதத்துக்கு முன், ஒலிப்பெட்டிக் குமிழ்களுக்கு மேலிருக்கும் பொடி எழுத்து தெரியவில்லை என்று கண்ணாடி வாங்க வந்தவர். நாளெல்லாம் ஒலிபெருக்கிகளோடு மாரடிக்கிறவர் என்பதால் மெதுவாகத்தான் பேசுவார். நல்லவேளை, மழித்த முகம், திருத்தமான உதடு. அவளுக்கு அது பெரிய எழுத்தில் அச்சடித்த புத்தகம். அவர் பேசும்போது கண்ணெடுக்காமல் அவர் வாயையே பார்ப்பாள். இவ்வளவு கவனமாகத் தன் பேச்சைக் கேட்ட பெண் உலகத்திலேயே இவள்தான் என்று அவர் கிறங்கிப்போயிருந்தார்.

அவருக்கு இந்த உலகில் ஒரே ஒரு எதிரி உண்டு. “விசில்! நிகழ்ச்சி நடுவுல மைக்கு கீச்சுன்னு கத்துச்சுன்னு வைங்க, நம்ம மானம் மரியாதை எல்லாம் கூடவே போச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டாலே என் கை தானா குமிழுக்குப் போயிடும்” என்பார். இதைக் கேட்ட நாளிலிருந்து பேனா எப்போதும் அவருக்கு இடப்பக்கமாகவே, தன் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள். அவர் கை மெல்ல அவள் தலைமுடி வரை வரும்போதெல்லாம் அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இவளுக்குப் பஸ் என்றால் இவ்வளவு பிரியமா என்று அவர் பலமுறை வியந்திருக்கிறார்.

போன வாரம் அவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். “ஞாயித்துக்கிழம ஒரு நிகழ்ச்சி. அதுல பேர் வாங்கிட்டா வருஷம் பூரா அந்த மண்டபம் நம்ம கையில. அப்புறம் தைரியமா உங்க அண்ணன வந்து பாக்கலாம்.” எந்த மண்டபம் என்று அவர் சொன்ன நொடியில் ஒரு லாரி போனது. பேனா வழக்கம்போல் தலையாட்டி வைத்தாள்.

அந்தத் தலையாட்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூலி கிடைத்தது. நாவல் வெளியீட்டு விழா. ‘ஒரு வாசகி’ என்று மட்டும் சொல்லி மேடையில் ஐந்து நிமிடம் பேச அழைத்திருந்தார்கள். மேடையேறி நிமிர்ந்து பார்த்தால், மண்டபத்தின் கடைசியில் ஒலிப்பெட்டிக்குப் பின்னால் மைக் செட்காரர். அவளைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் மண்டப மேலாளர், தேர்வுக்கூடத்து மேற்பார்வையாளர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேனா முடியை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டாள்.

நாவலாசிரியர் பேச எழுந்தார். கறுப்பு ஜிப்பா. தடித்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. அதைக் கழற்றித் துடைத்து, கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தை நோக்கிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தக் கண்ணாடியின் பவர் பூஜ்யம். விளிம்பு தேய்த்துப் பொருத்திக் கொடுத்தவளே பேனாதான்.

“இரண்டு ஆண்டுகள்” என்றார் அவர். “இந்த நாவலுக்காக இரண்டு ஆண்டுகள் நான் நிசப்தத்தில் வாழ்ந்தேன். வீட்டில் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.”

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மேடையிலிருந்து உதட்டைப் பார்த்த பேனாவுக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது: “அந்த ரெண்டு வருஷந்தான் நிம்மதியா இருந்தேன்.”

“விளிம்பில் நிற்பவர்களை நான் எழுதுவதில்லை. அவர்களை நான் அணைக்கிறேன்!” என்று முழங்கிய நாவலாசிரியர், முன்னறிவிப்பே இல்லாமல் பேனாவைத் தோளோடு இழுத்துச் சேர்த்தார். இடது பக்கம். ஜிப்பாத் தோள் கருவியின் மேல் அப்பியது.

கீ…ச்…

அவர் கையிலிருந்த மைக் அதை அப்படியே வாங்கி மண்டபம் முழுவதும் பரப்பியது. முன்வரிசை காதைப் பொத்தியது.

“யாருய்யா மைக்ல?” என்று நாவலாசிரியர் கத்தினார். புகைப்படக்காரர் “சார், அப்படியே இன்னொண்ணு” என்றார். சார் அப்படியே நின்றார். விசிலும் நின்றபாடில்லை.

மைக் செட்காரரின் கை குமிழுக்குப் பாய்ந்தது. ஒன்றைக் குறைத்தார், இரண்டைக் குறைத்தார், எல்லாவற்றையும் குறைத்தார். கடைசியில் இணைப்பையே பிடுங்கினார். ஒலிபெருக்கிகள் செத்துப்போயின. மேடையில் மட்டும் மெலிதாகக் கீச்சென்றுகொண்டே இருந்தது. கையில் பிடுங்கிய வயரோடு அவர் பேய் பிடித்த வீட்டில் நிற்பவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். மேலாளர் அவர் காதருகே குனிந்தார். அந்த உதட்டையும் பேனா வாசித்தாள்: “மூட்டையக் கட்டிட்டுக் கிளம்புங்க.”

புகைப்படம் முடிந்து நாவலாசிரியர் கையை எடுத்ததும் விசில் தானாக அடங்கியது. இப்போது அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி மைக்கின் தலையில், கருவி முடிக்குள், பஸ் பஸ் நிலையத்தில். மண்டபத்தின் கடைசியில் மைக் செட்காரர் வயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்திருந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றை அவளால் பார்க்க முடியவில்லை.

நாவலாசிரியர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். “மைக்கப் போடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவைப்பட்டிருக்காது. மைக் செட்காரர் திகைத்துப்போய் இணைப்பைச் செருகினார்.

“விசிலடிச்சது மைக் இல்ல. நான்தான்” என்றாள் பேனா. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். கருவியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கீச். எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள். கீச். “இந்த மெஷின் மேல எது அழுந்தினாலும் இப்படித்தான் கத்தும். அவர் மைக்க ஒரு குத்தமும் சொல்லாதீங்க.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பாதி மண்டபம் சிரித்தது.

“இது… இது நாவலின் மையத்தைத் தொடாத விஷயம்” என்றார் நாவலாசிரியர்.

“முப்பத்தொரு எடத்துல தொடணும் சார். எழுதிக் குடுத்தேன். ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணினீங்க, உங்க கதாநாயகி சத்தம் உங்க தோள்லயே கேட்டுச்சு. மைக் செட்காரரத் திட்டுறீங்களே!”

முதலில் கைதட்டியது மூன்றாவது வரிசை மனைவி. நாவலாசிரியர் லேசுப்பட்டவரா? கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, பூஜ்யக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அறிவித்தார்: “இரண்டாம் பதிப்பில் விசில் ஒலிக்கும். விசில் என்பது விளிம்பின் குரல்!” அதற்கும் கைதட்டினார்கள். ஆசிரியை அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. மண்டபத்தின் பின்பக்க வாசலில் பெட்டிகளுக்கு நடுவே மைக் செட்காரர் நின்றிருந்தார். பேனா போய் எதிரே நின்றாள். நடுவில் ஒரு ஒலிபெருக்கி.

“அப்ப என் செட்டுல ஒரு கோளாறும் இல்ல” என்றார் அவர்.

“இல்ல.”

“எல்லாத்தையும் பிடுங்கியும் கத்துதேன்னு குலையே நடுங்கிப்போச்சு.” பெருமூச்சு விட்டார். “மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டாரு. வருஷம் பூரா நாமதானாம்.” பிறகு அவர் முகம் மாறியது. “அந்தப் பஸ்ஸெல்லாம்?”

“பொய்.”

“எத்தன பஸ்ஸு! ஓடிப்போய் நிறுத்தியெல்லாம் விட்டிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“உங்களுக்குத்தான் விசில்னாலே ஆகாதே.”

“அது தொழில்ல. வீட்லயுமா?” வீடு என்று சொல்லிவிட்டதை உணர்ந்து அவர் காது சிவந்தது. சமாளித்துக்கொண்டு, “நான் பேசறப்ப என் வாயவே பாப்பீங்களே, அது?” என்றார்.

“பாதி, காது கேக்காததால.”

“மீதி?”

“மீதிய வேற வாய்விட்டுச் சொல்லணுமா?”

அவர் ஒலிபெருக்கியைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுடைய இடப்பக்கம் நின்றார். எந்தப் பஸ்ஸும் வரவில்லை. அவர் கன்னம் கருவியின் மேல் அழுந்தியதும் அது வஞ்சகமில்லாமல் கத்தியது. அவருடைய வலது கை பழக்கதோஷத்தில் காற்றில் ஒரு குமிழைத் தேடித் துழாவியது. கிடைக்காமல் திரும்பி வந்து அவள் முதுகில் அமர்ந்துகொண்டது.

“மூவாயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும்” என்றார் அவர், தொழில்காரருக்கே உரிய மரியாதையோடு.

விசிலைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் விழவில்லை. அவர் உதடும் இப்போது கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

“ஆங்?” என்றாள் பேனா. “என்ன?”