வெள்ளைக் கல்லில் நுரை

டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிற மகளுக்கு அன்றைக்கு லீவு கிடைத்ததே பெரும்பாடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு வந்தாள். நிஜத்தைச் சொன்னால் கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எங்க அம்மாவோட அண்ணன் மகன் சீமையிலிருந்து வந்திருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் விஷயம் அதேதான். ஒரு காலத்தில் அந்த மலைச்சரிவை ஒரு துரை ஆண்டான். முதலில் அதிகாரியாக வந்தான், வரி வாங்கினான், வழக்குத் தீர்த்தான். அப்புறம் உத்தியோகம் சலித்துப்போய், காட்டை வெட்டித் தோட்டம் போட்டு முதலாளியாக உட்கார்ந்தான். கூட வந்த மனைவிக்குத் தலைப்பிள்ளை அங்கேயே காய்ச்சலில் போனது. அந்த அம்மாள் அதைப் புதைத்துவிட்டு, இந்த மண்ணே வேண்டாம் என்று வயிற்றுப்பிள்ளையோடு சீமைக்குத் திரும்பி, அங்கே இன்னொரு மகனைப் பெற்றாள். இங்கே துரையோ பங்களாவில் துணி துவைக்க வந்தவளைச் சேர்த்துக்கொண்டான். அவளுக்குப் பிறந்தவள்தான் நம் அம்மா. பெற்றவள், இவள் நடை பழகும் முன்னே போய்ச் சேர்ந்தாள். துரை அவளுக்குக் கல்லறையில் ஒரு வெள்ளைக் கல் வைத்தான், குழந்தையைச் சமையல்காரர் வீட்டில் விட்டான், கப்பலேறிவிட்டான். அப்பன் செய்த சீர் அவ்வளவுதான்.

மிச்சத்தை ஊர் செய்தது. சாம்பல் நிறக் கண்ணும் வெளிறிய தோலுமாக வளர்ந்தவளுக்கு 'துரைமக' என்று பட்டம் கட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கட்டினவன் கூட, கோபம் வந்தால் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். அம்மா ஆஸ்பத்திரியில் கழிப்பறை கழுவுகிற வேலைக்குப் போய் மகளை ஆளாக்கினாள். அழுக்கைக் கண்டால் அவளுக்குக் கை நிற்காது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் அவர்கள் வாஷ்பேசினைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். மகளுக்கு மானம் போகும்.

அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தக் கல். மாதம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கழுவிவிட்டு வருவாள். அதில் இங்கிலீஷில் வெட்டியிருந்ததை மகள் சின்ன வகுப்புப் படிக்கும்போது ஒருதரம் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறாள். பேர், வருஷம், அதற்குக் கீழே ஒரு வரி: என் மகளின் தாய். அதைக் கேட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மகள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்தில் துரை பேத்தி, துரை பேத்தி என்று பிடுங்கியெடுத்தார்கள். அந்தக் கல்லைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது என்னடாவென்றால், துரையின் பேரன் தாத்தாவின் வம்சக் கதையைத் தேடிக்கொண்டு வந்து லாட்ஜில் இறங்கியிருந்தார். தலை வழுக்கை, தோளில் கேமரா, கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன வம்ச வரைபடம். தோட்டத்துக் கல்லறைக்கு வழி கேட்டவரை லாட்ஜ் மேனேஜர் அம்மாவிடம் அனுப்பிவைத்தார். அங்கே போய் வருகிற ஆள் அவள் ஒருத்திதானே. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு இருந்தேன், வந்துட்டான் பாத்தியா" என்று மகளைப் பிடித்து உலுக்கினாள். கூடவே ஒரு கிண்டலும். அண்ணன் மகன் என்றால் உனக்கு முறைமாப்பிள்ளை, நீ அவசரப்பட்டு வேறெங்கோ வாக்கப்பட்டுவிட்டாய், சீமைக்குப் போயிருக்கலாம் என்றாள். ஐம்பதைத் தொடப்போகிற மகளுக்கு அந்த வழுக்கையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அப்படிச் சந்தோஷமாகக் கேலி பேசி அவள் கேட்டதே இல்லை.

வாடகை ஜீப்பில் போகும்போது வெள்ளைக்காரர் வரைபடத்தை மடியில் விரித்துக் காட்டினார். மகளுக்குத் தெரிந்தது கடை இங்கிலீஷ்தான்; அதை வைத்து அங்கேயும் இங்கேயும் பேச்சை மொழிமாற்றிக் கொடுத்தாள். இந்த வேலையெல்லாம் சீமையில் இருக்கிற தன் அக்காவுக்காக என்றார் அவர். அக்கா பொல்லாதவள். கல்லிலோ காகிதத்திலோ வாசித்த பேர்தான் வரைபடத்தில் ஏறும், வாய் வார்த்தை ஏறாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அம்மா சொல்வதை அவர் மனதார நம்புகிறார். கல்லில் இருப்பதைப் படம் பிடித்துக்கொண்டால் அக்காவால் ஒன்றும் சொல்ல முடியாது. அப்படியே அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்டார். மகள் 'அத்தை' என்று சொல்லிக் கொடுக்க, அவர் உதட்டுக்குள்ளேயே ரெண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அம்மா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இப்ப வேண்டாம்னு சொல்லு. எங்கம்மா பேரை அதுல எழுதட்டும். அப்புறம் வாய் நிறையக் கூப்பிடட்டும்."

பெற்ற மகளைத் தவிர ஒருத்தரும் அம்மாவை ரத்த உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதை இலவசமாக வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

கல்லறை இடம் சரிவுக்குப் பின்னால், இடிந்த சுற்றுச்சுவருக்குள் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது துரையின் தலைப்பிள்ளையின் கல். பாசி ஏறிப் பச்சையும் கறுப்புமாகப் பாறைத்துண்டு போலக் கிடந்தது. அதை யார் சீந்துவார்கள்? வெள்ளைக்காரர் மண்டி போட்டு ஒரு குச்சியால் பாசியை உரித்தார். பாசி ரொட்டி மேல்தோல் மாதிரி பெயர்ந்து வந்தது, உள்ளே வெள்ளைப் பளிங்கு, அதில் எழுத்து நேற்று வெட்டினது போல நின்றது. பேர், பிறந்த நாள், இறந்த நாள், அப்பன் பேர், ஆத்தாள் பேர் எல்லாம் அப்படியே இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கும் அது அண்ணன்தானே.

பிறகு அம்மா அவரைத் தன் கல்லுக்குக் கூட்டிப்போனாள். தூரத்திலேயே அது பளீரென்று தெரிந்தது. அந்த இடத்திலேயே அதுதான் சுத்தம், ஒரு பொட்டு பாசி இல்லை.

பக்கத்தில் போனதும் மகள் குனிந்து பார்த்தாள். கல்லில் எழுத்தே இல்லை. மேல் முழுக்கச் சொரசொரவென்று பொரிந்து, நடுவில் வழித்தெடுத்த பாத்திரம் மாதிரி குழிந்திருந்தது. எதனால் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பளிங்கு வாங்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் அவள் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: எதைப் போட்டுக் கழுவினாலும் கழுவுங்க, ஆசிட் மட்டும் ஆகவே ஆகாது. அம்மாவுக்கோ ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தது ஆசிட் ஒன்றுதான். ஊற்றினதும் நுரை பொங்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். பொங்கினது அழுக்கு இல்லை, கல். நாற்பது வருஷமாகப் பெற்றவள் பேரை அவளே கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். படிப்பு வாசனை கிடையாது; ஆசிட்டில் கிடந்து விரல் நுனியும் மரத்துப்போச்சு; கண்ணிலோ புரை. அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த மகள் ஒருநாளாவது அவளோடு வந்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் கல்லைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் பார்த்தார், விரலால் தடவினார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, வாசிக்கச் சொல், நன்றாக வாசிக்கச் சொல் என்றாள். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் கல்லுக்கு முன்னால் போய் நின்று வாசித்தாள். சின்னப் பிள்ளையில் எழுத்துக்கூட்டினதை ஒன்று விடாமல், பேரை, வருஷத்தை, என் மகளின் தாய் என்கிற வரியை, மொட்டைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சத்தமாக வாசித்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இதை எழுதினால் அக்கா கிழித்துப் போடுவாள், என்னை மன்னியுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். பேனாவின் மூடியை அவர் திறக்கவே இல்லை.

"என்ன சொல்றான்?"

"எழுதிக்கிறாராம், அம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் மகள் திரும்பிக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் பொய்யோடு பொய்யாகப் போயிருக்கும். அம்மாவுக்குத்தான் கை நிற்காதே. பையிலிருந்து ஆசிட் பாட்டிலையும் பிரஷையும் எடுத்தாள். எங்கம்மா கல்லு சுத்தமாத்தான் இருக்கு, அண்ணன் கல்லுதான் அநாதையாட்டம் கிடக்கு, இவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு நாம வேறென்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே அந்தப் பாசிக் கல்லுக்குப் போனாள். வெள்ளைக்காரருக்கு ஜாடையிலேயே புரிந்தது. கழுவப் போகிறாள் என்று தெரிந்து நன்றியோடு தலையாட்டினார். அம்மா மூடியைத் திருகிப் பாட்டிலைச் சாய்த்தாள்.

மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ரெண்டு சொட்டுப் புல்லில் விழுந்தது.

"வேண்டாம்மா. ஆசிட் ஆகாது."

"ஏன் ஆகாது? நான் காலங்காலமா ஊத்தலையா?"

மகள் பாட்டிலை விடவில்லை. அம்மா அவள் முகத்தை அந்தப் புரைக் கண்ணோடு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பாட்டிலை அவளிடமே விட்டுவிட்டுத் தன் கல்லுக்குத் திரும்பி நடந்தாள். மண்டி போட்டுத் தடவினாள். விரலுக்குத் தெரியாது என்று கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அந்தக் கன்னம், இந்தக் கன்னம் என்று மேலிருந்து கீழே வரை வைத்துத் தேடினாள்.

"எழுத்து இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"இல்லம்மா."

"நான்தானா?"

மகள் அழுதாள். அதுவே பதிலாகிவிட்டது. அம்மா அழவில்லை. பெற்றவளின் மடியில் படுப்பது போல அந்தக் கல்லின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மகள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆசிட்டையும் பளிங்கையும் நாற்பது வருஷத்தையும் வெள்ளைக்காரரிடம் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முதுகில் கையை வைத்தார்.

"அத்தை" என்றார். சுத்தமாகத்தான் சொன்னார்.

அம்மா தலையைத் தூக்கவில்லை.

"எழுதிட்டானா?" என்று மகளைக் கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்பக் கூப்பிட வேண்டாம்னு சொல்லு."

வெள்ளைக்காரர், அம்மா என்ன சொல்கிறாள் என்று மகளைப் பார்த்தார். மகள் பாட்டிலை இறுக்க மூடிப் பையில் வைத்தாள். அவரிடம் எதையும் சொல்லவில்லை.